இரண்டு காருக்கான சிவப்பு

பால்கனிக் கம்பிகளின் நிழல் மேஜையில் கோடு கோடாக விழுந்திருக்கிறது. ரெண்டு ரிமோட் கார்களுக்கான புது மேல்கூடுகள், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பாடிகள், மல்லாந்து கிடக்கின்றன. வண்ணம் உள்பக்கம்தான் அடிக்க வேண்டும். ஒன்று அவன் காருக்கு, மற்றது தம்பி காருக்கு. பந்தயத்தில் அண்ணன் தம்பி கார்கள் எப்போதும் ஒரே கோப்பையில் கலந்த சிவப்புதான். பெயிண்டில் தின்னரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, கோப்பையைச் சாய்க்கிறான். பால் மாதிரி வழுக்கி இறங்க வேண்டும். கெட்டியானால் பெயிண்டைப் பீய்ச்சும் ஏர்பிரஷ் இருமித் துப்பும்; நீர்த்துப் போனால் சிலந்திக் கால்களாக ஓடி மானத்தை வாங்கும். இன்னும் ரெண்டு சொட்டு. கச்சிதம். அந்தச் சந்தோஷத்தில்தான் தம்பியைப் போனில் கூப்பிடுகிறான்.

“அண்ணே, போன மாசமே சொன்னேனே. இனிமே ரேஸுக்கு வரலன்னு. காரையும் மச்சான் பையனுக்குக் குடுத்துட்டேன்.”

“சும்மா சொல்றேன்னு நெனச்சேன்டா.”

“நீ ஓட்டுண்ணே.” போனுக்குள் யார் யாரோ சிரிக்கிறார்கள், தட்டுகள் உரசுகின்றன. “சாப்பிட்டியா?”

“ஆச்சு, ஆச்சு.”

அடுப்பு காலையிலிருந்து பற்றவைக்கப்படவில்லை. கம்ப்ரஸர் உறுமுகிறது. ஒரு பாடி உள்ளுக்குள்ளேயே மெல்லச் சிவக்கிறது. திருப்பிப் பார்த்தால் வெளியே பளபளக்கிறது. நல்லா இருக்குன்னு சொல்லத்தான் ஆளில்லை. கோப்பையில் சரிபாதி மிச்சம்; தம்பிக்கான பாடி இன்னும் கண்ணாடியாகவே கிடக்கிறது. கலந்ததைப் பாட்டிலில் திருப்பி ஊற்ற முடியாது, இருப்பதும் கெட்டுப்போகும். கோப்பையைச் சாய்க்கிறான். சிவப்பு இப்போது வழுக்கவில்லை, தயங்கித் தயங்கி இறங்குகிறது. தின்னரை எடுத்து இன்னும் ரெண்டு சொட்டு விடுகிறான்.