நிற்கக் கூடாத புள்ளி

"பொண்டாட்டி ஆஸ்பத்திரியில படுத்திருக்கா, புருஷன் காட்டுல சைக்கிள் விடுறான். ரொம்ப நல்லா இருக்கு உங்க குடும்பம்."

காலையிலிருந்து அப்பாவின் வாயில் இதே பாட்டுதான். ஜன்னலுக்கும் கதவுக்கும் அவர் நடந்த நடையில் தரை தேயாமல் இருந்ததே பெரிய விஷயம்.

"நான்தான்ப்பா போகச் சொன்னேன்," என்றாள் மகள், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த ரேஸுக்காக வருஷம் பூரா பழகியிருக்காரு. பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கே."

நாள் இருந்தது உண்மை. ஆனால் பிரஷர் ஏறியதால் முன்னாடியே அட்மிட் செய்துவிட்டார்கள். பதற்றமே கூடாது, இதற்கு மேல் ஏறினால் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மகளை அமைதியாக வைத்திருந்தது அந்தச் சிவப்புப் புள்ளிதான். ரேஸில் போகிற ஒவ்வொருவரிடமும் ஒரு டிராக்கர் கொடுத்திருந்தார்கள். மலைக்காட்டுக்குள் போன் எடுக்காது. ஆனால் ஆள் எங்கே போகிறார் என்பது மேப்பில் புள்ளியாகத் தெரியும்.

"ஓடைப் பாலம் தாண்டிட்டாருப்பா. இனிமே ஏத்தம். முழுக்கச் சரளைக்கல்லு."

"மனுஷன் போகட்டும்னுதான் தார் ரோடு போட்டு வச்சிருக்காங்க. அதை விட்டுட்டு, காசு கட்டிச் சரளையில போறான் பாரு."

திட்டினாரே தவிர, அப்பாவாலும் புள்ளியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ரிடையரானவர். எது நகர்ந்தாலும் அவர் கண் தானாக வாட்சுக்குப் போய்விடும்.

மத்தியானம், காட்டுக்குள் ஒரு வளைவில் புள்ளி நின்றது. நின்றது நின்றதுதான். மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பிரஷர் பார்த்த நர்ஸின் முகம் சரியில்லை.

"மரத்தைக் கட்டிப் புடிச்சு போட்டோ எடுத்துட்டு இருப்பான். நீ படும்மா," என்றார் அப்பா.

ஒரு வழியாகப் புள்ளி நகர்ந்தது. மகளுக்கு மூச்சு வந்தது. அப்பாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் வரை வாட்சையும் மேப்பையும் மாறி மாறிப் பார்த்தவர், மகளுக்குத் துணையாகக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார்.

"அது அவன் இல்ல."

"எது?"

"அந்தப் புள்ளி. ஏத்தத்துல பறந்தவன் இறக்கத்துல உருட்டிட்டுப் போறான். பஸ்சு இப்படி ஓடினா டிரைவர் மாறிட்டான்னு அர்த்தம். டிராக்கரை எவன் கையிலயோ கொடுத்துட்டு, இவன் எங்கேயோ காலை நீட்டிட்டுக் கிடக்கான். கட்டின பொண்டாட்டியையே ஏமாத்துறான்."

"மெதுவா பேசுங்க. அவ காதுல விழுந்துடப் போகுது."

"அவகிட்ட எதுக்குச் சொல்றேன்? அவனையே நறுக்குன்னு நாலு கேள்வி கேக்குறேன்."

கீழே வாசலுக்குப் போய் மாப்பிள்ளையின் நம்பரைப் போட்டார். காலையிலிருந்து கிடைக்காத போன் இப்போது மணியடித்தது. காட்டை விட்டு எப்போதோ இறங்கிவிட்டான் என்று அப்பா பல்லைக் கடித்தார்.

எடுத்தது ஒரு பெண் குரல். அப்பாவுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"யாரும்மா நீ?"

"நர்ஸ் பேசுறேன் சார். இந்த போன்காரர் எமர்ஜென்சில இருக்காரு. ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறோம். நீங்க சொந்தமா?"

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். அந்த மலையடிவாரத்தில் பெரிய ஆஸ்பத்திரி என்று இருப்பதே ஒன்றுதான். அதன் வாசலில்தான் அவர் நின்றுகொண்டிருந்தார்.

மாப்பிள்ளை ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். தொடையைச் சுற்றிப் பெரிய கட்டு. முகமெல்லாம் மண்ணும் சிராய்ப்பும்.

"மாமா, அவளுக்குத் தெரிஞ்சிருச்சா?"

"இல்ல."

"வளைவுல சறுக்கிட்டேன். தொடை எலும்பு உடைஞ்சிருச்சு. புள்ளி நின்னா அவ பதறிடுவாளேன்னு, பின்னால வந்த ஃப்ரெண்டுகிட்ட டிராக்கரைக் கொடுத்துட்டேன். உன் ரேஸ் போனாலும் பரவாயில்ல, விழாம மெதுவா கடைசி வரைக்கும் கொண்டு போடான்னு சொன்னேன். என்னை ரேஸ்காரங்க ஜீப்புல இங்க கொண்டு வந்துட்டாங்க." பேசவே அவருக்கு மூச்சு வாங்கியது. "அவளைப் பாக்குற டாக்டர்கிட்ட மட்டும் சொல்லுங்க மாமா. அவகிட்ட எதுவும் காட்டிக்காதீங்க."

அப்பா மாப்பிள்ளையின் தலைமுடியில் ஒட்டியிருந்த சருகை எடுத்துப் போட்டார். ஆபரேஷன் தியேட்டர் கதவு வரை ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வாட்சைக்கூடப் பார்க்கவில்லை.

மகள் போனைக் கீழே வைத்தாள்.

"என்னப்பா, பேசாம உட்கார்ந்துட்டீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"நீங்க அவரைத் திட்டாம இவ்வளவு நேரம் இருந்ததே இல்லையே. அவருக்கு ஏதாவது ஆயிடுச்சாப்பா?"

கேட்கும்போதே அவள் கை வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

அப்பா சட்டென்று எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவனுக்கு என்ன ஆகும்? குத்துக்கல்லாட்டம் இருப்பான். பொண்டாட்டி மேல துளியாவது அக்கறை இருந்தா ஒருத்தன் இப்படிக் காடு மேடெல்லாம் சுத்துவானா? பொறுப்பில்லாதவன். நெஞ்சுல ஈரமே இல்லாதவன்."

"போதும்ப்பா, பாவம் அவரு," என்று சிரித்தபடி மகள் தலையணையில் சாய்ந்தாள்.

கலங்கிய கண்ணை அவள் பார்த்துவிடாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கீழேயிருந்து தகவல் வரும்வரை, அப்பா மாப்பிள்ளையைத் திட்டுவதை நிறுத்தவே இல்லை.