கண் திறக்காத மாப்பிள்ளை

காலை ஏழு நாற்பதுக்கு ஆமையின் வலது கண் திறந்தது.

பார்த்தவள் இஷ்ரத்தின் உம்மா; சித்தி ஜனாபா என்று பெயர். அறையிலிருந்தே கத்தினாள்.

"ஏட்டி இஷ்ரத், ஓடியா. மாப்பிள முழிச்சிட்டாரு."

மகள் அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய தட்டில் அது நின்றது. உள்ளங்கை அளவு. இடது கண் இன்னும் வீங்கி மூடியிருந்தது. வலது கண் மிளகு போல, ஈரமாக, ஜன்னல் வெயிலைப் பார்த்தது.

ஒன்றரை மாதத்துக்கு முன் பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். அவர்கள் மாடியில் ஒரு பெயிண்ட் வாளி கிடந்தது. அதில் தண்ணீர். தண்ணீரில் ஆமைக்குஞ்சு.

அது தரையில் நடக்கிற ஆமை. ஆமை என்றால் தண்ணீர் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். மூக்கை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு எத்தனை நாள் நின்றதோ தெரியாது.

முதுகு ஓடு மெத்தென்றிருந்தது; அழுத்தினால் நகம் பதிந்தது.

சித்தி ஜனாபா பீடி சுற்றுகிறவள். இலைதானே தின்னும் என்று, பீடி இலையில் வெட்டிக் கழித்த துண்டுகளை அள்ளி அதன் முன் வைத்தாள். அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. இன்னும் சிறிதாக நறுக்கி வைத்தாள். அப்போதும் தொடவில்லை.

"உன்னப் பாக்க வந்தவன் ஒருத்தன்கூட இம்புட்டு பிகு பண்ணலட்டி."

அன்றிலிருந்து அதற்கு மாப்பிள்ளை என்று பெயர்.

மறுநாள் இஷ்ரத் அதை அட்டைப்பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனாள். திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாள்.

"டாக்டரம்மா சத்தம் போடுதாவ உம்மா. புகையிலத் தூசி இருக்க வீட்டுல இதுக்குக் கண்ணே தொறக்காதாம்."

முப்பது வருடமாகச் சித்தி ஜனாபா, ஆமை இருந்த அந்த அறையில்தான் பீடி சுற்றினாள். ஜன்னலைத் திறந்தால் தூள் பறக்கும். மின்விசிறி ஓடினால் இலை காய்ந்து வெடிக்கும். அதனால் ஜன்னல் திறந்ததில்லை, விசிறி ஓடியதில்லை.

நான்கு வருடமாக இருமினாள். இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடியும். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், சுற்றுவதை விடச் சொன்னார். முடியாதென்றால் காற்றோட்டமான இடத்திலாவது உட்காரச் சொன்னார். அந்த மூடிய அறையில் இன்னும் இரண்டு வருடம் உட்கார்ந்தால் நெஞ்சு தாங்காது என்றார்.

இஷ்ரத் கெஞ்சினாள். அழுதாள். ஒரு நோன்பு மாதம் முழுக்கப் பேசாமல் இருந்து பார்த்தாள்.

"காத்துல எவ இருந்து சுத்துவா? போட்டி அங்கன."

ஆமைக்கு ஆகாது என்று கேட்ட அன்று மதியமே பீடித் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில், காற்றுக்கு மறைவாக இரண்டு பழைய சேலைகளைக் கட்டினாள். இலையை ஈரச்சாக்கில் பொதிந்து வைத்தாள். கீழே வந்து அறையை மூன்று முறை கழுவிவிட்டாள். ஜன்னல் துருப்பிடித்திருந்தது. அம்மிக் குழவியால் தட்டித் திறந்தாள்.

மாப்பிள்ளையைத் தொடுவதற்கு முன் முழங்கைவரை சோப்புப் போட்டுக்கொண்டாள். ஆறிய வெந்நீரில் பஞ்சை நனைத்துக் கண்ணைத் துடைத்தாள். சொட்டு மருந்து விட்டாள். ஓடு இறுகட்டும் என்று கணவாய் மீன் ஓட்டைப் பொடித்துக் கீரையில் தூவினாள்.

"அவ்வளவுதான் வாப்பா. பைய, பைய."

ஒன்பதாவது நாள் அது ஒரு செம்பருத்தி இதழைத் தின்றது. அன்று தெருவில் இரண்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

தன் இருமல் எப்போது குறைந்தது என்று அவள் கவனிக்கவில்லை. இஷ்ரத் கவனித்தாள்.

அது வீட்டில் வளர்க்கக்கூடாத இனம், தேறியதும் வனத்துறையில் ஒப்படைக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆமை போனால் உம்மா தட்டோடு கீழே இறங்கிவிடுவாள்.

திறந்த கண்ணைப் பார்த்து இஷ்ரத் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"என்னட்டி மூஞ்சி இப்படிப் போவுது? டாக்டரம்மாவுக்குப் போன் போடு."

பத்து மணிக்கு மருத்துவர் சித்ரலேகா ஸ்கூட்டரில் வந்தார். ஆமையைக் கையில் எடுத்தார். ஓடு இன்னும் முழுதாக இறுகவில்லை. ஆனால் நான்கு கால்களும் அவர் விரல்களை எட்டித் தள்ளின.

"நல்லாப் பாத்திருக்கீங்கம்மா. நாளைக்கு ஆள் வருவாங்க. அடுத்த கண்ண அங்க பாத்துக்கிடுவாங்க."

சித்தி ஜனாபா சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அழுகையை மறைக்கச் சத்தமாகப் பேசினாள்.

"எல்லாம் நீங்க சொன்ன மாரிதான் டாக்டரம்மா. ஒரு பொட்டுப் புகையிலத் தூசி கீழ வரல. மாடியில கெடந்து நான்தான் வேவுதேன்."

"புகையிலையா? நான் வெயிலும் கீரையும்தானம்மா சொன்னேன்."

இஷ்ரத் பஞ்சை எடுத்தாள். ஏற்கனவே துடைத்திருந்த கண்ணை மறுபடி துடைத்தாள்.

சித்தி ஜனாபா மகளின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குப் போயா பொய்யி சொன்ன? எங்கிட்ட நேரா ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கேட்டுருக்க மாட்டேனாட்டி?"