காற்றின் கண்

மொன்ட்ரியாலுக்கு வந்த முதல் பனிக்காலத்தில், அருமைராசா மன்னாரில் பெரியம்மாவோடு இருக்கும் மகள் எலிசாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். அறையில் கூட இருக்கும் நீக்கிலாப்பிள்ளை எட்டிப் பார்த்து உரக்க வாசித்தார்.

“‘நோர்வேக்காரர் யன்னலுக்கு வைத்த பழைய பெயர் விண்டவுகா. காற்றின் கண் என்று அர்த்தம். அப்போது கண்ணாடி இல்லை. புகை போகக் கூரையில் விட்ட ஓட்டைதான் யன்னல். இங்கிலீசுக்காரரின் விண்டோவும் அதன் வழியில் வந்ததுதான்.’ என்ன தம்பி, ஏழு வயதுப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகப் பாடமோ?”

“லாசால் ஃபாக்டரியிலை எங்கடை நோர்வே ஃபோர்மன் சொன்னவர், அண்ணை.”

“பிள்ளை என்ன கேட்டது?”

“‘அப்பா, உங்கடை யன்னலாலை பாத்தா என்ன தெரியும்?’ எண்டு.”

“அப்ப பனி கொட்டுது, அணில் ஓடுது எண்டு ரெண்டு வரி எழுதன். பிள்ளை சந்தோசப்படும்.”

அருமைராசா பேனையை வைத்தான்.

“அவளின்ரை தாய் செத்த அண்டைக்கு, அம்மா ஆசுப்பத்திரியிலை நித்திரை எண்டு சொல்லிப்போட்டன். ஒரு கிழமை நம்பிக்கொண்டிருந்தவள். இனிப் பொய் சொல்ல மாட்டன் எண்டு அவளுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கிறன், அண்ணை.”

நீக்கிலாப்பிள்ளை அந்த நிலக்கீழ் அறையின் நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தார். ஒன்றிலும் யன்னல் இல்லை.

கதிரையை இழுத்து அவன் பக்கத்தில் இருந்தார்.

“உன்ரை நோர்வேக்காரன் கதவைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையோ? கேட்டு எழுது. கதவெண்டா எங்களிட்டை ஒண்டு இருக்கு.”