மூன்றும் நான்கும்

மூன்றும் நான்கும் மறுபடியும் பேச ஆரம்பித்துவிட்டன. இரண்டு நாளாகத் தள்ளி உட்கார வைத்துப் பார்த்தாயிற்று, நெருக்கி வைத்தும் பார்த்தாயிற்று. வாய் மூடுவதாக இல்லை.

“இதுங்களோட மாரடிக்க என்னால முடியாது சார்!” இடுக்கியை மேசையில் போட்டாள் சால்டரிங் அக்கா. ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் அவள் அக்காதான், மேலாளருக்கு மட்டும் ‘ஏம்மா’.

மூன்றும் நான்கும் செம்பு வளையங்கள். ஸ்கேன் மிஷினில் படுப்பவரின் முழங்காலில் மாட்டும் காயிலுக்குள் இப்படி எட்டு உண்டு. ஒவ்வொன்றும் தன் காதில் விழுந்ததை மட்டும் மிஷினிடம் சொல்ல வேண்டும். பக்கத்து வளையத்தோடு குசுகுசுத்தால் படம் முழுக்கப் புள்ளி விழும்.

மேலாளர் கைக்குட்டையால் மீட்டரைத் துடைத்துவிட்டு, குசுகுசுப்பின் அளவைக் காட்டும் எண்ணைப் பார்த்தார். லீவு நாளில்கூடத் தனியாக வந்து ஒட்டடை அடிக்கிற மனிதர். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் ‘சுத்தம் சார்’.

“வெள்ளிக்கிழமை நல்லாத்தானே இருந்துச்சு? நடுவுல யாரும்மா கை வெச்சது?”

“யாரும் தொடல சார். திங்கக்கிழமை வந்து பார்த்தா இப்படிக் காட்டுது.”

“தொடாமயே கெட்டுப்போகுமா? நாளைக்கு இது ஆஸ்பத்திரிக்குப் போகணும். யார் தப்புன்னு மேலிடத்துல எழுதித் தரச் சொல்றாங்க. உங்க பேரைத்தான் எழுதணும். அப்புறம் இந்த வேலை உங்களுக்கு இருக்காது.”

அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. பதினோரு வருஷத்தில் அவள் கட்டிய ஒரு காயில்கூடத் திரும்பி வந்ததில்லை.

மூன்றாம் வளையத்தை முடியளவு நகர்த்தி, வெள்ளிக்கிழமை இருந்த அதே கோட்டில் வைத்தாள். காலுக்குப் பதிலாக எப்போதும் வைக்கும் உப்புத்தண்ணீர் பாட்டிலை உள்ளே செருகினாள். மீட்டர் இம்மியும் அசைந்து கொடுக்கவில்லை.

வெறுத்துப்போய்ப் பாட்டிலை உருவிப் போட்டுவிட்டு, தன் முழங்காலையே காயிலுக்குள் நுழைத்தாள். எண் மளமளவென்று இறங்கியது. மூன்றும் நான்கும் கப்சிப்.

“சார், பாருங்க! அடங்கிடுச்சு!”

“உங்க முட்டியையும் சேர்த்து பார்சல் பண்ண முடியுமா? டெஸ்ட்டுன்னா பாட்டில்தான். அதுல பாஸாகணும்.” மேலாளர் பேனாவைத் திறந்தார்.

“உடம்புல உப்பு இருக்கு சார். அந்த உப்புதான் இதுங்க வாயை அடைக்குது. பாட்டில்லயும் அதே உப்புதானே, அப்புறம் ஏன்…” என்றபடி பாட்டிலைக் கையில் எடுத்தாள். மூடியைச் சுற்றி எப்போதும் பூத்திருக்கும் வெள்ளைக் கறையைக் காணோம். பாட்டில் பளபளவென்று இருந்தது.

“சார், இதை யாரு கழுவினது?”

பேனா நின்றது. ஒருத்தராவது கவனித்தார்களே என்று மேலாளர் முகமெல்லாம் பூரித்துப்போனார்.

“நான்தாம்மா! உள்ள இருந்த பழசையெல்லாம் கொட்டிட்டு, நல்ல தண்ணியா பிடிச்சு வெச்சேன்.”