மழை விடட்டும்

ஹோபார்ட்டில் விடிந்ததிலிருந்து மழை. கொட்டகையின் தகரக் கூரையில் சத்தம் குறையும்போதெல்லாம் மெர்வ் சைக்கிள் ஹெல்மெட்டைத் தலையில் வைக்கிறான். வாரைப் பூட்டுவதற்குள் சத்தம் மறுபடி வலுக்கிறது. கைப்பேசியில் மழை காட்டும் வரைபடத்தில் நீலத் திட்டு ஒன்று மலையைத் தாண்டி நேராக அவன் வீட்டைப் பார்த்து நகர்கிறது. அறுவை செய்த முழங்காலை மடக்கிப் பார்க்கிறான், பாதியிலேயே நின்றுவிடுகிறது. தினமும் சைக்கிள் மிதிக்காவிட்டால் மறுபடியும் அறுக்க வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வெளியே இறங்க மனமில்லை, உள்ளே போய்க் காலணியைக் கழற்றவும் மனமில்லை. சமையலறைக் கதவு திறக்கிறது. "இன்னும் இங்கயேதான் நிக்கிறியா?" என்கிறாள் மனைவி கிளெனிஸ். "மழை விடட்டும்னு பாக்கறேன்." "நீ பாக்கறதாலதான் அது விடமாட்டேங்குது. வீட்டுல பால் இல்ல, தள்ளு." அவன் தலையிலிருந்த ஹெல்மெட்டை அவளே கழற்றி மாட்டிக்கொண்டு, சைக்கிளில் ஏறிப் போயேவிடுகிறாள். பின்சக்கரம் வாரியடிக்கும் சேறு அவள் முதுகில் நீளமாகக் கோடு போடுகிறது. அவள் தெருமுனையில் திரும்பி மறைந்ததும் கூரைச் சத்தம் சட்டென்று அடங்குகிறது. வெயில் பளீரென்று அடிக்க, ஈரத் தெரு கண்ணைக் கூசவைக்கிறது. மெர்வ் இன்னொரு முறை முழங்காலை மடக்கிப் பார்க்கிறான். மழை விட்டுவிட்டது. சைக்கிள்தான் இல்லை.