தேய்ந்த ஜாய்ஸ்டிக்

“உள்ளே ஸ்பிரிங் தேய்ஞ்சு போச்சு சார். கையை எடுத்தாலே திரையில விமானம் இடப்பக்கம் சாயுது. வேற ஜாய்ஸ்டிக் வாங்கிடுங்க” என்றார் மெக்கானிக்.

“அட போய்யா! என் பொண்ணு இதை வலப்பக்கமா சாய்ச்சுப் பிடிச்சே, வீட்டுக் கம்ப்யூட்டர்ல விமானத்தைப் பூ மாதிரி இறக்குறா. இந்த ஓட்டையில ஓட்டுறவ நாளைக்கு எதுலயும் ஓட்டுவா!”

அப்பா அதைப் பையில் போட்டுக்கொண்டு பெருமையாக நடையைக் கட்டினார்.

பைலட் பயிற்சிக்கான தேர்வுக்குப் போன மகள், தோற்றுப்போய் முகம் தொங்கத் திரும்பினாள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்மா, உன்னாலயே முடியலைன்னா, அங்க இதைவிட மோசமான மெஷினா வச்சிருந்தான் பாவி?”

“நல்ல மெஷின்தான்பா. ஆடாம அசையாம நேரா நின்னுச்சு. என் கைதான் பழக்கதோஷத்துல வலப்பக்கமே சாய்ச்சுது.”