ஆரஞ்சு முடித் தலைவர்

“தலைவர் வெள்ளிக்கிழமை வர்றாரு. ஏழு பேரும் ஒண்ணா வர்றாங்களாம். நாம ஒருத்தர் விடாம போயிரணும்.”

சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் நின்றிருந்த கங்காணி லிங்கசாமிக்குக் காது விடைத்துக்கொண்டது. பேசியது மேல் டிவிஷனில் கொழுந்து பறிக்கும் சுகுணா.

தேயிலைக்கு விலை விழுந்து எஸ்டேட்டே தள்ளாடிக்கொண்டிருந்த நேரம். ஃபேக்டரியை மூடி, மிஷின்களை லாரியில் ஏற்றிவிடப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. மிஷின் போனால் வேலை போகும். வேலை போனால் குடியிருக்கும் லைன் வீடும் போகும்.

மேனேஜர் லிங்கசாமியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “எவனோ கூட்டம் சேக்கறான். தலைவன் யாருன்னு கண்டுபிடி. இல்லேன்னா மொதல்ல உன் குவார்ட்டர்ஸைத்தான் பூட்டுவேன்.”

பந்தலூரில் பிளஸ் டூ படிக்கும் மகளை வைத்துக்கொண்டு மனுஷன் எங்கே போவார்? பத்து நாளாக மரத்துக்கு மரம் ஒளிந்து ஒட்டுக் கேட்கிறார். இன்றைக்குத்தான் ஒருத்தி வசமாக மாட்டினாள்.

“யாரு புள்ள அந்தத் தலைவரு?” என்று அவள் முன்னால் போய் நின்றார்.

சுகுணா பதறவில்லை. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்குக்குள் கையை விட்டு போனை எடுத்துக் காட்டினாள். ஏழு கொரியாப் பையன்கள். நடுவில் நின்றவனுக்குத் தலை முழுக்க ஆரஞ்சு முடி.

“இவருதாண்ணே லீடரு. வெள்ளிக்கிழம காலைல ஆறு மணிக்குப் புதுப் பாட்டு வருது. ஃபேக்டரி வளைவுல மட்டுந்தான் சிக்னல் கெடைக்கும், அதான் எல்லாரும் அங்க போறோம்.”

“கமலாப்பழத்துக்குக் கைகால் மொளச்சாப்பல இருக்கறான். இவனெல்லாம் தலைவரா?”

சுகுணாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “பாட்டக் கேட்டுட்டுப் பேசுங்க. கொரியாப் பாட்டு கேட்டா கை தானா கொழுந்துல ஓடும். ஜப்பான் பாட்டு மழைக்கு நல்லாருக்கும், வேலைக்கு ஆகாது. ஆனா படம்னா ஜப்பான்தான். அதுல யாரும் அழ மாட்டாங்க, பாக்குற நாமதான் அழணும். கொரியாப் படத்துல ஹீரோ மூக்கு ஒழுக அழுவான். நம்மாளுங்க மாதிரி கறுப்புக் கண்ணாடி போட்டு மறைக்க மாட்டான்.”

மூச்சு வாங்கியவள், குரலைத் தாழ்த்தினாள். “மூணு டிவிஷனுக்கும் போறவரு நீங்கதான். நடு டிவிஷன்லயும் கீழ் டிவிஷன்லயும் ஒரு வார்த்த சொல்லிருங்கண்ணே. நாங்க வேலைய விட்டுட்டு அங்கிட்டுப் போனா நீங்களே அன்னிக்குக் கூலிய வெட்டிருவீங்க.”

இத்தனை கருத்து வைத்திருப்பவள் பொய் சொல்வாளா? இருந்தாலும் சந்தேகம் லிங்கசாமியின் கூடவே பிறந்தது. வீட்டுக்குப் போனதும் மகள் பிரியாவிடம் விசாரித்தார்.

“ஆரஞ்சு முடியா? ஆமாங்கப்பா, நெசமான லீடர்தான். ஆட்டம் சுமாரு, குரல் நல்லாருக்கும். பாட்டு எப்ப வருதாம்?”

“வெள்ளிக்கிழம காலைல ஆறு மணிக்கு.”

“காலைலயா? அவங்க ஊரு சாயங்காலம்தான் பாட்டு விடுவாங்க. நமக்கு மத்தியானம் ரெண்டரை ஆயிரும். ஆறு மணிக்கு ஒண்ணும் வராதுங்கப்பா.”

“கொழுந்து பறிக்கறவளுக்குக் கொரியா மணி எங்க தெரியப்போகுது?” என்று லிங்கசாமி சிரித்தார். தலைவன் நிஜம் என்று மகள் சொன்னதிலேயே அவருக்குப் பாதி சந்தேகம் தீர்ந்தது.

ஆனாலும் முழுசாக நம்பிவிடவில்லை. சேதியைச் சொல்லிப் பார்ப்போம், எவள் முகம் மாறுகிறதோ அவள்தான் கூட்டம் சேர்க்கிறவள் என்று முடிவு செய்தார்.

மறுநாள் இரண்டு டிவிஷனுக்கும் நடந்தார். “வெள்ளிக்கிழம காலைல ஆறு மணி, ஃபேக்டரி வளைவு, ஏழு பேரோட புதுப் பாட்டாம்!” ஒரு முகமும் மாறவில்லை. எல்லாரும் பல் தெரியச் சிரித்தார்கள். காதில் விழாதவர்களுக்கு இரண்டாம் தடவையும் சொன்னார்.

கீழ் டிவிஷன் சின்னம்மைக்கு அறுபது வயதாகிறது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, “ஏழுமா வருது?” என்று கேட்டாள். “அப்ப நானும் வாறேன் தம்பி.”

இந்த வயதில் கிழவிக்கு இப்படி ஒரு ஆசையா என்று லிங்கசாமி தலையில் அடித்துக்கொண்டார். அன்று மாலையே மேனேஜர் முன்னால் நிமிர்ந்து நின்றார். “கூட்டமும் இல்ல, தலைவனும் இல்லீங்க. எல்லாம் பாட்டுப் பைத்தியமுங்க.” அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. ஃபேக்டரி வளைவில் பனிமூட்டத்துக்குள் காலி லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தால் ஏழு.

அவை வரும் நாள் லிங்கசாமிக்கே தெரியாது. கொழுந்துக் காட்டுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. மூன்று டிவிஷன் பெண்களும் சாலையை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கையிலும் போன் இல்லை. மிஷினில் ஒரு ஆணியைக்கூடக் கழற்றிக்கொண்டு போக விடமாட்டோம் என்று முன்வரிசையில் சுகுணா சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் ஜீப்பிலிருந்து குதித்தார். பின்னாலேயே இறங்கிய லிங்கசாமிக்கு மகள் சொன்ன மத்தியானம் ரெண்டரை அப்போதுதான் உறைத்தது.

“மூணு டிவிஷனுக்கும் போய்ச் சொல்லி இத்தன பேரையும் கூட்டிட்டு வந்தவன் யாரு?” மேனேஜர் கத்தினார். “எங்க உங்க தலைவன்?”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னம்மை முழங்காலில் கையூன்றி எழுந்து, மரியாதையாகக் கையை நீட்டினாள்.

“தொரை, உங்க பின்னாடிதாங்க நிக்கிறாரு.”